தாத்தா பாட்டியோடு ராட்சத மரங்களைப் பார்க்க: எந்தக் காடு, எந்தச் சாலை?

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் தமிழ் வீடுகளில் செப்டம்பர் பிறந்துவிட்டால் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். கோடையில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா நவம்பரில் கிளம்புகிறார்கள். கோல்டன் கேட் பாலம் பார்த்தாயிற்று, லிவர்மோர் கோயிலுக்குப் போயாயிற்று, காஸ்ட்கோவுக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. மிச்சம் இருப்பது அந்தப் பெரிய மரங்கள்தான். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பெரும்பாலானவர்கள் "மியூர் வுட்ஸ் போங்க" என்பார்கள். ஒருவர் செகோயா என்பார். இன்னொருவர் "அதெல்லாம் ஒண்ணுமே இல்லை, வடக்கே போங்க" என்பார். மூன்று பதிலிலும் நியாயம் உண்டு. ஆனால் "உங்க அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

மரத்தின் அளவைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மியூர் வுட்ஸின் உயரமான மரம் 258 அடி. அதுவே ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைவிட உயரம். அதற்கு மேல் 300 அடியானாலும் 350 அடியானாலும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குக் கழுத்து வலி ஒன்றுதான். குடும்பத்தோடு போகும்போது அந்த நாளை நல்ல நாளாகவோ மோசமான நாளாகவோ ஆக்குவது காலுக்குக் கீழே இருக்கும் தரை. எழுபது வயதுக்காரர், ஸ்ட்ரோலரில் ஒரு குழந்தை, ஓடிக்கொண்டே இருக்கும் பத்து வயதுப் பையன் என்று எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடிகிறதா? ஒற்றையடிப் பாதையில் அது நடக்காது. ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும், கடைசியில் வருபவருக்கு முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். காட்டுக்குள் போகும் பழைய சாலை என்றால் கதையே வேறு. அதனால் இங்கே மரங்களை விட்டுவிட்டுச் சாலைகளை ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் ராட்சத மரம் என்றால் இரண்டு வகை. கடலோர ரெட்வுட் உயரத்தில் ராஜா. மூடுபனி எட்டும் கடலோரப் பட்டையில் மட்டும் வளர்வது. ஜயண்ட் செகோயா பருமனில் ராஜா. சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில், பெரும்பாலும் 5,000 முதல் 7,000 அடி உயரத்தில் இருப்பது. இலையுதிர் காலத்தில் இந்த வித்தியாசம் முக்கியம். கடலோரத்தில் கோடை முழுக்கப் படுத்திருக்கும் மூடுபனி செப்டம்பர், அக்டோபரில் விலகி, ஆண்டின் நல்ல வெயில் கிடைக்கும். மலையில் அக்டோபர் கடைசியிலேயே முதல் பனி விழுந்துவிடலாம். இரண்டையும் காட்டும் எண்ணம் இருந்தால் மலைக்கு முதலில் போங்கள், கடலோரத்துக்கு அப்புறம்.

இலையுதிர் காலம் என்றதும் காடே மஞ்சளும் சிவப்புமாக எரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரெட்வுட்டும் செகோயாவும் எப்போதும் பச்சைதான். நிறம் வருவது அவற்றின் காலடியில் வளரும் சின்ன மரங்களிலிருந்து: வடக்கே மேப்பிள் மஞ்சளாகும், சியராவில் டாக்வுட் இளஞ்சிவப்பாகும். இந்தக் காடுகளில் எல்லாவற்றையும்விட அழகாகச் சிவக்கும் இலை ஒன்று உண்டு, அதைத்தான் குழந்தைகள் முதலில் பறிக்க ஓடுவார்கள். அது பாய்சன் ஓக். மூன்று மூன்று இலைகளாக, பளபளவென்று இருக்கும். தொட்டால் இரண்டு நாளில் தோல் கொப்பளித்து, வாரக்கணக்கில் அரிக்கும். கிளம்பும் முன்பே "சிவப்பு இலை எதையும் தொடக் கூடாது" என்று வீட்டுச் சட்டம் போட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவை

மியூர் வுட்ஸை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. வில்லியம் கென்ட் என்பவரும் அவர் மனைவியும் நிலத்தைத் தானமாகக் கொடுக்க, 1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க 1945இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகள் இங்கே வந்து, அப்போதுதான் காலமாகியிருந்த ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். பள்ளத்தாக்கின் அடியில் மரப்பலகையும் தாருமாகப் போட்ட சமமான பாதை. ஓடையின் மேல் வரிசையாகப் பாலங்கள். இரண்டாவது பாலத்தில் திரும்பினால் அரை மணி நேரம், மூன்றாவதில் திரும்பினால் ஒரு மணி நேரம். கால் முடியாதவர்களுக்கு இதைவிட எளிதான ஏற்பாடு எங்கும் இல்லை.

தொல்லை வேறு. 2018இலிருந்து பார்க்கிங்குக்கோ ஷட்டிலுக்கோ முன்பதிவு இல்லாமல் போக முடியாது. நேரம் குறித்துப் பதிவு செய்த பிறகு, பாட்டி பூஜையை முடித்து, குழந்தைக்கு உடை மாற்றி, மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பி வந்து, அந்த நேரத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு சாத்தியம் என்று உங்களுக்கே தெரியும். அங்கே செல்போன் சிக்னலும் கிடையாது, அதனால் பதிவுச் சீட்டை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர் நுழைவுக் கட்டணம், 15 வயது வரை இலவசம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பலகைப் பாதையில் கூட்டம் தைப்பூசத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பருக்கு அரை நாளில் நகரத்தையும் மரத்தையும் காட்ட வேண்டுமென்றால் சரி. சாவகாசமாகக் குடும்பத்தோடு நடக்க இது இடமில்லை.

தெற்கே, சான்டா குரூஸ் மலையில் ஃபெல்டன் என்ற சின்ன ஊரை ஒட்டி ஹென்றி கோவெல் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. வளைகுடாப் பகுதி ஊரான ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முன்பதிவு வேண்டாம், காருக்குப் பத்து டாலர் அளவில் கட்டணம். பழைய மரங்கள் நிற்கும் தோப்பு பெரிதில்லை, சுமார் 40 ஏக்கர்தான். ஆனால் அதைச் சுற்றி வரும் 0.8 மைல் பாதை முழுச் சமதளம், கெட்டியான மண், அகலமானது. ஸ்ட்ரோலரும் போகும், சக்கர நாற்காலியும் போகும்.

அந்தப் பாதையில் அடிப்பக்கம் குடைந்துபோன ஒரு மரம் உண்டு, ஃப்ரேமான்ட் மரம். வாசல் சிறுவர்கள் குனிந்து நுழையும் அளவுதான், உள்ளே நாலைந்து பேர் நிற்கலாம். முதல் சில நொடி கும்மிருட்டு. கண் பழகிய பிறகு சுவர் முழுக்க நெருப்பு கருக்கிய பட்டை தெரியும். தொட்டால் விரலில் கரி ஒட்டும். அத்தனை குடைந்த பிறகும் மேலே மரம் உயிரோடு பச்சையாக நிற்கிறது. "தாத்தா, நீங்களும் உள்ள வாங்க" என்று பேரன் கூப்பிட, "நான் வெளியவே நிக்கிறேன்டா, யாராவது உங்களை வெளிய இழுக்கணும்ல" என்று தாத்தா சொல்லும் வகையான இடம் இது. பச்சையமே இல்லாமல் வெள்ளை ஊசியிலை விடும் அல்பினோ ரெட்வுட்டும் இந்தப் பூங்காவில் உண்டு. தாய்மரத்தின் வேரை உறிஞ்சியே பிழைக்கும் செடி அது.

நான் ஹென்றி கோவெலைச் சொல்வதற்கு உண்மையான காரணம் பைப்லைன் ரோடு. சுற்றுப்பாதையின் பக்கத்திலேயே தொடங்கும் தார்ச்சாலை, பொதுமக்களின் கார்களுக்கு அனுமதி இல்லை. முதலில் சான் லொரென்சோ ஆற்றை ஒட்டிப் போய் அப்புறம் ஏறும். மொத்தம் மூன்று மைல் அளவுக்கு இருந்தாலும் யாரும் முழுதும் நடக்க வேண்டியதில்லை. நாயைச் சங்கிலியோடு கூட்டிவரலாம் என்பதால் உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் இங்கே நடப்பார்கள். ஏற்றம் கடினமாகும் இடத்தில் தாத்தா பாட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம், பெரிய பிள்ளைகள் மேலே போய்வரலாம். பூங்காவை ஒட்டியே ரோரிங் கேம்ப் என்ற நீராவி ரயில் நிலையம். மலையில் ரெட்வுட்டுகளுக்கு நடுவே ஏறும் ரயில். நடக்கவே முடியாதவர் ஒருவர் இருந்தால் அந்த ரயில் அவருக்கு. அக்டோபர் நடுவில் போனால், திரும்பும் வழியில் சான்டா குரூஸ் நேச்சுரல் பிரிட்ஜஸ் கடற்கரையில் குளிர்காலத்துக்காக வந்து தங்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளையும் பார்க்கலாம். அவை முன்பு போல அதிகம் வருவதில்லை, அதனால் அதற்காகவே போக வேண்டாம்.

பிக் பேசின் 1902இல் தொடங்கிய, கலிஃபோர்னியாவின் முதல் மாநிலப் பூங்கா. 2020 ஆகஸ்ட் தீயில் அதில் 97 சதவீதம் எரிந்தது. 2022இல்தான் ஒரு பகுதி திறந்தது. கட்டடங்கள் போய்விட்டன, நிழல் குறைந்துவிட்டது. ஆனால் கருகிய தூண்களாக நிற்கும் மரங்களில் அடியிலிருந்து நுனிவரை பச்சை முடி முளைத்தது போலத் துளிர் விட்டிருப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவேன். பெரியவர்களை முதல்முறை இங்கே கூட்டிப்போக மாட்டேன், "எரிஞ்ச காட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்பார்கள்.

மலையில்

சியரா பக்கம் போனால் நாலு இடங்கள் பேச்சில் வரும். நடைமுறையில் குடும்பத்துக்கு ஒன்றுதான் பொருந்துகிறது, அது கலவேரஸ் பிக் ட்ரீஸ் மாநிலப் பூங்கா. ஃப்ரீமான்ட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், 4 ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ஆர்னால்ட் ஊரைத் தாண்டி. உயரம் 4,700 அடி அளவில். மற்ற செகோயா தோப்புகளைவிடத் தாழ்வு என்பதால் மூச்சு வாங்குவது குறைவு.

இங்கே நார்த் குரோவ் (வடக்குத் தோப்பு) சுற்றுப்பாதை ஒன்றரை மைலுக்குக் கொஞ்சம் கூட. அகலம் போதும், ஏற்றம் சொற்பம். தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு மேடை வரும். மேடை இல்லை, அது ஒரு மரத்தின் அடிக்கட்டை. 1852இல் அகஸ்டஸ் டௌட் என்ற வேட்டைக்காரர் ஒரு கரடியைத் துரத்திக்கொண்டு வந்து இந்த மரத்தைப் பார்த்தார் என்று கதை. அடுத்த ஆண்டே அதை வெட்டிவிட்டார்கள். ரம்பம் எதுவும் அந்தப் பருமனுக்கு எட்டாததால் ஐந்து பேர் 22 நாள் துளை போட்டுத் துளை போட்டே சாய்த்தார்கள். எண்ணிய வளையங்கள் 1,244. கட்டையை இழைத்து அதன்மேல் நடனம் ஆடினார்கள். ஏறி நின்றால் குறுக்களவு 24 அடி. இப்போதும் படி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஏறி ஓடுவார்கள். பாட்டிகள் பெரும்பாலும் ஏறுவதில்லை, பக்கத்தில் நின்று "பாவிங்க" என்பார்கள். அது போதாதென்று 1854இல் மதர் ஆஃப் தி ஃபாரஸ்ட் என்ற இன்னொரு மரத்தின் பட்டையை உயிரோடு உரித்து நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். அந்த மரத்தின் செத்த முண்டம் இன்னும் நிற்கிறது. நடுவில் சுரங்கம் குடைந்த பயனியர் கேபின் மரம் 2017 ஜனவரி புயலில் விழுந்தது. அதன் துண்டுகளைப் பாதையோரத்தில் பார்க்கலாம்.

அக்டோபரில் இங்கே டாக்வுட் சிவந்திருக்கும். செகோயாவின் இலவங்கப்பட்டை நிறத் தண்டுக்கு முன்னால் அந்த இளஞ்சிவப்பு இலைகளைப் பார்த்தால் கேமராவை எடுக்காமல் இருக்க முடியாது. பூங்காவுக்குள்ளேயே தெற்குத் தோப்பும் உண்டு. அங்கே மரங்கள் பல மடங்கு அதிகம், ஆனால் சுற்றுப்பாதை ஐந்து மைல். அதற்குப் போகும் உட்சாலையைப் பனி விழுந்ததும் மூடிவிடுவார்கள். பாட்டியும் ஸ்ட்ரோலரும் இருந்தால் நார்த் குரோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ட்யூலமி குரோவ், சாலையில் நடக்க விரும்புபவர்களுக்கு ஆசை காட்டும் இடம். பழைய பிக் ஓக் ஃபிளாட் ரோடு இப்போது வண்டி போகாத தார்ச்சாலை. ஒரு மைல் இறங்கினால் இருபது சொச்சம் செகோயாக்கள், 1878இல் சுரங்கம் குடைந்த ஒரு செத்த மரம். வம்பு என்னவென்றால் அந்த ஒரு மைலில் 500 அடி இறக்கம், திரும்பி வருவது முழுக்க ஏற்றம். போகும்போது எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். வரும்போது அப்பா பத்தடிக்கு ஒருமுறை நின்று மரத்தைப் பார்ப்பது போல மூச்சு வாங்குவார். மெர்செட் குரோவ் இதைவிட நீளம், அதே கதை. மாரிபோசா குரோவுக்குப் பனி வரும்வரை ஷட்டில் ஓடும். ஷட்டில் நின்றுவிட்டால் தோப்புக்குப் போகவே இரண்டு மைல் ஏற வேண்டும்.

செகோயா தேசியப் பூங்காவில் ஜெனரல் ஷெர்மன் இருக்கிறது. 275 அடி உயரம், அடியில் சுற்றளவு 100 அடிக்கு மேல். கன அளவில் உலகிலேயே பெரிய மரம். காங்கிரஸ் டிரெயில் தார் போட்ட நல்ல பாதை, ரவுண்ட் மெடோவைச் சுற்றும் பிக் ட்ரீஸ் டிரெயில் சமதளம். எல்லாம் சரி, ஆனால் இலையுதிர் காலத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து மணி நேரப் பயணத்தின் கடைசியில் மலைச்சாலை வளைவுகள், ஏழாயிரம் அடி உயரம், ஷெர்மன் மரத்துக்கு அரை மைல் படிக்கட்டு இறக்கம், அதே படிக்கட்டில் திரும்ப ஏற்றம். அக்டோபரில் காட்டுத்தீப் புகையா பனியா என்று முந்தின வாரம்வரை தெரியாது. 2020இல் ஒரே தீயில் உலகின் பெரிய செகோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனதாகக் கணக்கிட்டார்கள். 2021இல் ஷெர்மனின் அடிமரத்துக்கே தீத்தடுப்புப் படலம் சுற்ற வேண்டி வந்தது. ஜூன் மாதம் இதற்குச் சரியான நேரம்.

பணக்கணக்கும் உண்டு. 2026 தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு யோசெமிட்டி, செகோயா உட்பட 11 தேசியப் பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதல். விசாவில் வந்த அப்பா அம்மா அந்தக் கணக்கில்தான் வருவார்கள். இதைக் கேட்டால் அப்பா "எனக்கு மரமே வேணாம்" என்று சொல்லிவிடுவார். மாநிலப் பூங்காக்களில் இந்தத் தொல்லை இல்லை. ரெட்வுட் தேசியப் பூங்கா அந்த 11இல் இல்லை, அதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது.

வடக்கே

வடக்கு என்றால் 101 நெடுஞ்சாலை. நாலரை, ஐந்து மணி நேரத்தில் அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ் வரும். பழைய 101இன் 31 மைல் துண்டு இது. புதிய விரைவுச்சாலைக்குப் பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவே வளைந்து போகிறது. பெயரைக் கேட்டு இதில் நடக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கார் ஓடும் சாலை, ஓரத்தில் நடக்க இடமே இல்லை. நிறுத்தி, இறங்கி, பத்து நிமிடம் சுற்றிவிட்டு, திரும்ப ஏறிப் போவதுதான் வழக்கம். அதிகம் நடக்க முடியாத பெரியவர்களுக்கு இது ரொம்ப வசதி. குழந்தைகள் மூன்றாவது நிறுத்தத்திலேயே "இன்னொரு மரமா?" என்பார்கள்.

ஒரே ஒரு நிறுத்தம்தான் என்றால் ஃபவுண்டர்ஸ் குரோவ். 1918இல் தொடங்கிய சேவ் தி ரெட்வுட்ஸ் லீக் அமைப்பின் நிறுவனர்கள் பெயரில் உள்ள தோப்பு. அரை மைல் சமதளச் சுற்று. இங்கே டயர்வில் ஜயண்ட் படுத்திருக்கிறது. 360 அடிக்கு மேல் உயரமாக நின்ற மரம், 1991 மார்ச்சில் சாய்ந்தது. ஒரு மைல் தள்ளியிருந்தவருக்கு ரயில் கவிழ்ந்தது போலச் சத்தம் கேட்டதாம். நிற்கும் மரத்தின் உயரம் கீழிருந்து பிடிபடாது. படுத்திருக்கும் மரத்தின் வேர்ப்பக்கத்திலிருந்து நுனிவரை நடந்து பாருங்கள். பேச்சு முடியும், மரம் முடியாது. வேர்த்தட்டு மட்டுமே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதன்மேல் வேறு செடிகள் முளைத்துவிட்டன.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ராக்ஃபெல்லர் ஃபாரஸ்ட். ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் கொடுத்த 20 லட்சம் டாலரால் காப்பாற்றப்பட்டது, சுமார் 10,000 ஏக்கர்; மிச்சமிருக்கும் பழைய ரெட்வுட் காடுகளில் தொடர்ச்சியாக இவ்வளவு பெரியது வேறில்லை. போகும் சாலை குறுகல், குழி நிறைய. அதனால்தானோ என்னவோ கூட்டம் வராது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் மாரத்தான் நடக்கும், சாலைகளை மூடுவார்கள்; தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் லெகெட்டில் கார் நுழையும் மரம் என்று பலகை கூப்பிடும். தனியார் இடம், காசு வாங்குவார்கள், ஒரு படம் எடுக்கலாம். கலவேரஸில் விழுந்து கிடக்கும் சுரங்க மரத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஆர்வம் போய்விட்டது.

இன்னும் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் பிரெய்ரி கிரீக் மாநிலப் பூங்கா, ரெட்வுட் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. நியூட்டன் பி. ட்ரூரி பார்க்வே என்ற பத்து மைல் சாலை இதன் நடுவே ஓடுகிறது. 1992இல் புறவழிச்சாலை திறக்கும்வரை இதுவே 101 நெடுஞ்சாலை. லாரிகள் இந்த மரங்களை உரசிக்கொண்டு போயின. அக்டோபர் முதல் மே வரை, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, இந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் விட்டுவிடுகிறார்கள்.

நான் பார்த்தவரையில் மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. இரண்டு வழித்தடத் தார்ச்சாலை முழுக்க உங்களுடையது. ஐந்து பேர் வரிசையாகக் கைகோத்து நடக்கலாம். பையன் சைக்கிளில் முன்னே போய் வளைவில் திரும்பி வரலாம், "பார்த்துப் போ" என்று கத்த வேண்டியதில்லை. சுற்றுப்பாதையில் பாதிவழியில் மூட்டு வலித்தால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே தூரம்தான். சாலையில் அந்தச் சிக்கல் கிடையாது. எந்த இடத்தில் தோன்றுகிறதோ அங்கே திரும்பலாம். பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்தி (கழிப்பறை அங்கேதான், முதலில் எல்லோரையும் அனுப்பிவிடுங்கள்) வடக்கே நடந்தால் ஒரு மைல் அளவில் பிக் ட்ரீ என்ற ராட்சத மரம் வரும். அங்கே உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினாலே நாள் நிறைந்துவிடும்.

சாலையோரத்தில் தரை முழுக்க மூன்று இதய வடிவ இலைகளோடு ஒரு செடி படர்ந்திருக்கும், ரெட்வுட் சாரெல். கிராமத்தில் வளர்ந்த எந்தப் பாட்டியும் ஒரு நொடியில் "இது புளியாரையாட்டம் இருக்கே" என்று சொல்லிவிடுவார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள், இரண்டும் ஒரே பேரினம். இலை மட்டும் இங்கே நாலு மடங்கு பெரிது. மரக்கிளை விலகி நேர்வெயில் விழும் இடத்தில் குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் இலைகள் குடையை மடக்குவது போலக் கீழே மடங்கும், நிழல் வந்ததும் திரும்ப விரியும். பறித்துத் துவையல் அரைக்கும் யோசனையைப் பாட்டி சொன்னால் தடுத்துவிடுங்கள். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது.

எல்க் மான்கள் இங்கே புல்வெளியில் மேயும். அக்டோபர் தொடக்கம்வரை அவற்றுக்கு இணைசேரும் காலம், கொம்புள்ள ஆண் முரட்டுத்தனமாக இருக்கும். தூரத்தில் நின்று பாருங்கள். செல்ஃபிக்காக நெருங்க வேண்டாம்.

யூடியூப் பார்க்கும் பிள்ளைகள் "ஹைபீரியன் எங்கே?" என்று கேட்பார்கள். 380 அடி, உலகின் உயரமான மரம், 2006இல் கண்டுபிடித்தார்கள், ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. ஆட்கள் மிதித்து மிதித்து வேர்ப்பகுதி கெட்டதால் 2022இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சுற்றுலா விசாவில் வந்தவர்களை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம்.

முதல் சனிக்கிழமை கிடைக்கவில்லை என்றால் இரண்டு மாற்று. பார்க்வேயிலிருந்து கிளையாகப் பிரியும் கேல் பேரல் ரோடு, சரளைக்கல் சாலை. கார் எப்போதாவது வரும், ஒதுங்கி நின்றால் போதும். இன்னொன்று கிரெசென்ட் சிட்டிக்குப் பக்கத்தில் ஹவுலண்ட் ஹில் ரோடு, பத்து மைல். இதுவும் பெரும்பாலும் மண்சாலைதான், சில இடங்களில் ஒரு கார் போகும் அகலம், வளைவில் எதிரே கார் வந்தால் யாராவது பின்னால் எடுக்க வேண்டும். அழகில் ஹவுலண்ட் ஹில்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மழைக்கு முன் அக்டோபர் தூசியில் கார் பின்னால் கார் போகும் சாலையில் பாட்டியை நடக்கச் சொல்ல முடியாது. அதைக் காருக்குள்ளிருந்தே பார்த்துவிட்டு ஸ்டௌட் குரோவில் மட்டும் இறங்குங்கள். அங்கும் தொடக்கத்தில் சின்னச் செங்குத்து இறக்கம் உண்டு.

எதை முடிவு செய்வது

ஒருநாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஹென்றி கோவெல், வேறு யோசனை வேண்டாம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் மூன்றாம் வாரம் வரை, ஆறு மணி நேரம் காரில் உட்காரத் தயார் என்றால் கலவேரஸ். இரவு பக்கத்து ஊரான மர்ஃபிஸில் தங்கினால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை ஒன்றை விடுப்பு எடுக்க முடிந்தால் பிரெய்ரி கிரீக். என் ஓட்டு அதற்குத்தான்.

ஆறரை மணி நேரப் பயணம் என்று பயப்பட வேண்டாம், அதை இரண்டாக உடைக்கலாம். வெள்ளி காலையில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு ஃபவுண்டர்ஸ் குரோவ். காலை நீட்டி அரை மைல் நடந்தாயிற்று, அவென்யூவும் பார்த்தாயிற்று. இரவு யுரீகாவிலோ ஆர்காட்டாவிலோ, சமையலறை உள்ள வாடகை வீடு. சைவச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் அதிகம் நம்ப முடியாது. அரிசி, குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய் வண்டியில் இருக்கட்டும். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஓட்டினால் பார்க்வே. ஞாயிறு திரும்பல்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரெட்வுட் பூங்காக்களில் சிந்திய பருக்கையைக்கூட எடுத்துவிடச் சொல்வார்கள், அதற்குக் காரணம் வெறும் சுத்தம் இல்லை. மார்பில்டு மர்லெட் என்ற கடற்பறவை இந்த மரங்களின் உச்சிக்கிளையில்தான் முட்டையிடும். அதன் கூட்டை முதன்முதலில் கண்டுபிடித்ததே 1974இல், பிக் பேசினில். மிக்சர் துகளுக்காக வரும் ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் பெருகினால் மேலே அந்த முட்டைகளையும் தின்றுவிடுகின்றன. "காக்காய்க்குச் சோறு வைக்கணும்" என்று பாட்டி சொன்னால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மரத்தடியில் நாலுக்கே. அதனால் அக்டோபரின் முதல் சனிக்கிழமையை முதலில் பாருங்கள், நவம்பரை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முந்தின நாள் பார்வையாளர் மையத்துக்கு ஒரு போன் போட்டுச் சாலை மூடுவது உறுதிதானா என்று கேட்டுவிடுங்கள். தூறல் என்றால் ரெயின்கோட் போட்டுக்கொண்டு போகலாம், மஞ்சள் நிற, ஓடில்லாத வாழை நத்தைகள் வெளியே வந்திருக்கும். ஆனால் பலத்த காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் அறையை ரத்து செய்துவிடுங்கள். நூறடி உயரத்திலிருந்து விழும் ரெட்வுட் கிளை ஒரு தனி மரம் அளவுகூட இருக்கலாம். அடுத்த சனிக்கிழமை ஹென்றி கோவெல் போய்க்கொள்ளலாம், அதற்கு எந்தத் தேதியும் பார்க்க வேண்டாம்.